மறையுரை நேரத்தில் வெளியே நிற்காதே

அன்புள்ள கண்ணு,

சாமியார் தயாரிக்காமல் வந்து வரிக் கணக்கும் திட்டுமாகப் பேசுகிறார், அதனால் மறையுரை, அதாவது பூசையில் அவர் செய்கிற பிரசங்கம், தொடங்கினதும் கோவிலுக்கு வெளியே போய் நின்றுவிட்டு, காணிக்கைப் பாட்டுக்குத்தான் உள்ளே வருவேன் என்று போனில் சொன்னாய். வீட்டில் ஆட்கள் இருந்ததால் அப்போது பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மறையுரை பூசையின் நடுவில் விடுகிற இடைவேளை இல்லை, பூசையின் ஒரு பகுதி. 1963இல், உலகெங்கும் இருந்து கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதைத் தெளிவாகச் சொல்லி, ஞாயிறு பூசையில் தக்க காரணமில்லாமல் மறையுரையை விடக் கூடாது என்றது. அன்றைக்குப் புதிதாகக் கொண்டுவந்ததும் இல்லை. ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் ரோமில் தொடக்கத் திருச்சபையின் அறிஞரான புனித ஜஸ்டின் எழுதி வைத்திருக்கிறார்: ஞாயிறன்று எல்லோரும் ஓரிடத்தில் கூடுவார்கள், வாசகங்களை வாசிப்பார்கள், வாசித்ததும் தலைமை தாங்குபவர் அதன்படி வாழச் சொல்லிப் பேசுவார், அப்புறம்தான் அப்பமும் திராட்சை இரசமும் வரும். இன்றைக்கு நம் ஊர் கொழிஞ்சாம்பாறையிலும் அதே வரிசைதான்.

உன் அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. வேதத்தில் அவருக்குத் தெரிந்தது எல்லாம் சாமியார்கள் பிரசங்கத்தில் சொல்லிக் கேட்டதுதான். இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் உவமைக்கு ஒரு சாமியார் கொடுத்த விளக்கத்தை அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலைக்கு வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்தது அநியாயம் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்தார்களாம். "பகல் பூரா வேலை கிடைக்காம நின்னவன் வீட்லயும் ராத்திரி அடுப்பு எரியணுமில்ல?" என்று சாமியார் கேட்டாராம். கோவிலில் இருந்தவர்கள் பாதிப்பேர் நிலக்கடலைக் காட்டிலும் தென்னந்தோப்பிலும் கூலிக்குப் போனவர்கள். எருசலேம் பக்கம் சொன்ன கதை நம் சித்தூர் தாலுகாக் கதையாகிவிட்டது. மறையுரையின் வேலை இதுதான் என்று நான் நம்புகிறேன்.

உன் குறையிலும் நியாயம் உண்டு. திருவிழா வரிக் கணக்கைப் பேசவும், வராதவர்களை வந்தவர்களிடம் திட்டவும் மறையுரை நேரத்தை எடுத்துக்கொள்வது எனக்கும் பிடிக்காது. திருத்தந்தை பிரான்சிஸே 2013இல், மறையுரையைக் கேட்கிற மக்களும் கஷ்டப்படுகிறார்கள், கொடுக்கிற குருக்களும் கஷ்டப்படுகிறார்கள் என்று எழுதினார். 2024இல் எட்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம் என்றும் சொன்னார்.

சரி, சாமியார் தயாரிக்காமல் வந்தால் நீ என்ன செய்வது? நீ தயாராகப் போ. எந்த ஞாயிறுக்கு எந்த வாசகம் என்பது மூன்று ஆண்டுச் சுற்றில் முன்பே குறித்திருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி நற்செய்தியை மட்டுமாவது வாசித்துவிடு. உனக்குள் ஒரு கேள்வி இருந்தால், சுமாரான மறையுரையில்கூட ஒரு வரி வந்து அதைத் தொடும். வெளியே நிற்கிறவளுக்கு அந்த வரி கிடைக்காது.

இன்னொன்று. ஆங்கிலப் பூசை உன் மனசில் ஒட்டவில்லையோ என்று அம்மா கேட்கிறாள். கேரளாவில் இருந்துகொண்டே நமக்கு இங்கே தமிழில் மறையுரை கிடைக்கிறது. பெங்களூரில் உனக்கும் கிடைக்கும். சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் தமிழ்ப் பூசை உண்டு. நேரத்தை விசாரித்து ஒரு ஞாயிறு போய்விட்டு வா. சாமியார் என்ன சொன்னார், அதில் உனக்கு எது ஒப்பவில்லை என்று எனக்குச் சொல். ஒப்பாததையும் பேசலாம்.

அன்புடன்,
அப்பா