சாண்டி பிராண்டெல்லோ கட்டுரையில் விட்டுப்போனது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் விளையாட்டுப் பகுதியில் ஆஸ்திரேலியாவின் சாண்டி பிராண்டெல்லோ பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கூடைப்பந்துக்கு, அதுவும் பெண்கள் கூடைப்பந்துக்கு, அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் நான்கு ஒலிம்பிக்கில் ஆடினார், அப்புறம் பயிற்சியாளராகிக் கோப்பைகளை வென்றார் என்று அதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டது எனக்கு மனம் ஒப்பவில்லை. நடுவில் ஒன்பது வருடங்கள் இருக்கின்றன. அவருடைய கதையே அங்கேதான் இருக்கிறது.

குயின்ஸ்லாந்தின் மக்கை ஊரில், கரும்பு பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1988 சியோலில் தொடங்கி 2004 ஏதென்ஸ் வரை ஆடினார். ஒரு வெண்கலம், இரண்டு வெள்ளி. அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.விலும் பெயர் வாங்கியவர். இவ்வளவு இருந்தும் 2005-ல் அந்த லீக்கின் சான் அன்டோனியோ அணியில் அவருக்குக் கிடைத்தது உதவிப் பயிற்சியாளர் நாற்காலிதான். ஐந்து சீசன் அதில் உட்கார்ந்தார். 2010-ல் தலைமைப் பொறுப்பு வந்தது. 14 ஆட்டங்களில் வெற்றி, 20-ல் தோல்வி. அந்த ஒரு சீசனோடு வேலை போய்விட்டது.

அவர் அடுத்துச் செய்ததைத்தான் உங்கள் கட்டுரையில் தேடினேன். லாஸ் ஏஞ்சலஸ் அணிக்குப் போய் மறுபடியும் உதவியாளராகச் சேர்ந்தார். தலைமைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு, இன்னொருவர் பக்கத்தில் குறிப்பு நோட்டோடு மூன்று சீசன் உட்காருவதற்குத் தனி மனசு வேண்டும். 2014-ல் ஃபீனிக்ஸ் அணி அவரிடம் வந்தது. முதல் சீசனிலேயே 34 ஆட்டங்களில் 29 வெற்றி, கோப்பை, ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது.

நான் மாவட்ட அணிக்கு ஆடியவள். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பந்தை எப்போது விடவேண்டும் என்பது என் கைக்குத் தெரியும். அதையே ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் புரிகிற மாதிரி வாயால் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. நன்றாக ஆடினவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று பெற்றோர்கள் நினைக்கிறார்கள், பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன. அது வேறு தொழில், முதலிலிருந்து கற்க வேண்டிய தொழில்.

2017-ல் அவர் ஆஸ்திரேலிய தேசிய அணிக்குப் பயிற்சியாளரானார். முந்தைய வருடம் ரியோவில் அந்த அணி காலிறுதியோடு வெளியேறியிருந்தது. 2018 உலகக் கோப்பையில் வெள்ளி வந்தது. டோக்கியோவில் மறுபடியும் காலிறுதியில் தோல்வி. 2022-ல் சிட்னியில் உலகக் கோப்பை நடந்தது. அதற்கு வீராங்கனை லாரன் ஜாக்சன் 41 வயதில் திரும்பி வந்தார். முழங்கால் காயத்தால் 2016-லேயே ஓய்வு அறிவித்தவர் அவர். 2000-லும் 2004-லும் பிராண்டெல்லோவோடு ஒரே அணியில் ஆடியவர். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் கனடாவுக்கு எதிராக 30 பாயிண்ட் எடுத்தார். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை! 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் 43 வயதில் ஜாக்சன் வந்தார். அங்கே அவருக்கு அதிக நேரம் ஆட வாய்ப்பு கிடைக்கவில்லை. கூட ஆடிய தோழியை, நாட்டின் மிகப் பெரிய வீராங்கனையை, பெஞ்சில் உட்காரவைக்கும் முடிவை எடுக்க வேண்டியவர் பிராண்டெல்லோ. பயிற்சியாளர் வேலையில் இதைவிடக் கடினமான இடம் எனக்குத் தெரியாது.

பாரிஸில் முதல் ஆட்டத்திலேயே நைஜீரியாவிடம் 75-62 என்று தோற்றார்கள். அந்த அணியைத் தூக்கி நிறுத்தி, ஆகஸ்ட் 11 அன்று பெல்ஜியத்தை 85-81 என்று வென்று வெண்கலம் வாங்கிக் கொடுத்தார். 2012-க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அதே வருடம் அக்டோபரில், டபிள்யூ.என்.பி.ஏ.வில் அவர் பயிற்சி கொடுத்துவந்த நியூயார்க் லிபர்ட்டி அணிக்கு, கூடுதல் நேரம் வரை போன ஐந்தாவது ஆட்டத்தில், கோப்பை. 1997 முதல் ஆடிவரும் அந்த அணிக்கு அதுதான் முதல் கோப்பை. அவருடைய கணவர் ஓலாஃப் லாங்கேவும் பயிற்சியாளர்தான். நியூயார்க்கில் மனைவிக்கு உதவியாளராக இருந்தார்.

அடுத்த வருடமே நியூயார்க் அவரை அனுப்பிவிட்டது. இப்போது டொராண்டோ டெம்போ என்கிற புத்தம்புது அணிக்கு முதல் பயிற்சியாளராகியிருக்கிறார். அந்த அணியைப் பற்றி எழுதும்போது, அவர் பக்கத்து நாற்காலிகளில் உதவியாளர்களாக யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என் மாணவிகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளர்,
திருநெல்வேலி