மோட்டாரை நம் கரையில் ஓட்டிப் பார்த்து வாங்குவோம்: நெல்லைக் கடலோர ஊர்க் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, கூடுதாழை, கூட்டப்பனை ஆகிய ஊர்களின் கமிட்டிப் பெரியவர்களுக்கும், மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர்களுக்கும், படகு வைத்திருக்கும் அண்ணன் தம்பிமாருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர்கள் என் கணவரும் கொழுந்தனாரும். கரையில் கணக்கு என்னுடையது. எண்ணெய், ஐஸ், வலை, ஏலத்தில் கிடைத்த தொகை, பிரித்துக் கொடுத்த பங்கு எல்லாம் என் கையெழுத்தில் நோட்டு நோட்டாக இருக்கின்றன. அவற்றைப் புரட்டிப் பார்த்தால் வலைக்குச் செலவழித்ததைவிட, படகின் பின்பக்கம் மாட்டும் வெளிமோட்டாருக்குக் கொட்டியதுதான் அதிகம். இப்போது பழைய மோட்டாரை மாற்றியாக வேண்டும். எங்கள் தெருவில் இன்னும் ஐந்து வீடுகளில் இதே பேச்சு. யமஹா, சுசுகி, டோஹாட்சு, ஹோண்டா, மெர்க்குரி என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். ஏன் அது என்று கேட்டால், மச்சான் வாங்கியிருக்கிறான் என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. இரண்டு வருடச் சம்பாத்தியத்தை இப்படியா ஒரு பெட்டிக்குள் போடுவது?

உங்களிடம் நான் கேட்பது இதுதான். விற்பவர்களை நம் கரைக்கு வரச் சொல்லுங்கள். ஒரே படகில், அதே ஆட்களை ஏற்றி, மோட்டார்களை மாற்றி மாற்றிக் கட்டி ஓட்டிப் பார்ப்போம். கிடைத்த கணக்கை எல்லா ஊர்களிலும் எழுதி ஒட்டுவோம். பிறகு ஊருக்கு ஒரு மாடல், மிஞ்சினால் இரண்டு என்று பேசி முடிவெடுப்போம்.

கடையில் மோட்டாரைத் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கி, கயிற்றை ஓர் இழுப்பு இழுத்து, பாருங்கள் சத்தமே இல்லை என்கிறார்கள். துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் படகுக்கு அந்தச் சோதனை போதும். நமக்குத் துறைமுகம் கிடையாது. அலையைத் தடுக்கக் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்ட ஊரிலும் அலையைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். திரும்பும்போது தண்ணீருக்குள் சுற்றும் விசிறி மண்ணில் தட்டுவதற்குள் மோட்டாரை மடக்கித் தூக்க வேண்டும். பிறகு அதைக் கழற்றித் தோளில் சுமந்து மேட்டில் ஏற்ற வேண்டும். அதனால் எடையை முதலில் கேளுங்கள். 20 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக்கில் சுசுகியும் டோஹாட்சுவும் குட்டைத் தண்டு மாடலில் ஏறக்குறைய 44 கிலோ. யமஹாவின் எஃப் 20 ஐம்பதைத் தாண்டும். தாளில் ஏழெட்டுக் கிலோ வித்தியாசம்தான். ஈர மணலில் முழங்கால் புதைய நடக்கிறவனிடம் கேட்டுப் பாருங்கள், அது என்ன வித்தியாசம் என்று சொல்வான். இன்னொன்றும் உண்டு. டூ ஸ்ட்ரோக்கை எப்படியும் கிடத்தலாம் என்று பழகிவிட்டோம். ஃபோர் ஸ்ட்ரோக்குக்குள் எஞ்சின் ஆயில் தேங்கி நிற்கிறது. கையேட்டில் சொன்ன பக்கத்தை விட்டு மறுபக்கம் கிடத்தினால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். இதை நம் பையன்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்தது மணல். நம் கரையில் அலை வாங்கிய இடத்தில் சிவப்பும் கருப்புமாகக் கோடு கோடாகப் படிந்து கிடக்கிறதே, அந்தச் சிவப்பு கார்னெட். உப்புத்தாள் செய்வதற்கும் இரும்பைத் தேய்ப்பதற்கும் பயன்படும் மணல். மோட்டார் குளிர்வதற்கு உறிஞ்சும் கடல்நீரோடு இதுவும் உள்ளே போகிறது. உள்ளே தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் வெறும் ரப்பர் சக்கரம். சென்ற ஆனி மாதம் கச்சான் காற்றில் திரும்பி வரும்போது எங்கள் மோட்டாருக்குப் பின்னால் பீச்ச வேண்டிய தண்ணீர் நின்றுபோனது. அலைச் சத்தத்தில் அவர்கள் கவனிக்கவில்லை. சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொண்டது. இன்னொரு படகுதான் கட்டி இழுத்து வந்தது. கழற்றிப் பார்த்தபோது இம்பெல்லரின் இதழ்கள் எலி கடித்த பணியாரம்போல் இருந்தன. விரலளவு ரப்பர் அது. பிஸ்டனும் அதுவும் வந்துசேரப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அந்தப் பத்தொன்பது நாளும் என் நோட்டில் வரவுப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. ஆகவே எந்த மோட்டாரில் இம்பெல்லரை நம் ஊர் மெக்கானிக் கரையில் வைத்தே மாற்ற முடியும், எத்தனை நிமிடத்தில் மாற்ற முடியும் என்பதும் சோதனையில் இருக்க வேண்டும். தினமும் நன்னீர் விட்டு உள்ளே அலசச் சொல்கிறார்கள். சரிதான். குழாயில் தண்ணீர் வரும் நாளைப் பார்த்துக் குடம் தூக்குகிறவர்கள் நாங்கள். ஒரு தடவைக்கு எத்தனை குடம் வேண்டும் என்பதையும் விற்பவர் சொல்லட்டும்.

எண்ணெய்க் கணக்குக்கு வருகிறேன். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் 50 பங்குக்கு ஆயில் 1 பங்கு என்பது பொது வழக்கம். 25 லிட்டருக்கு அரை லிட்டர் ஆயில். அந்தக் காசைப் பலரும் எண்ணெய்ச் செலவில் சேர்ப்பதே இல்லை. மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாரைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மாற்றி, கரை நெருங்கும்போது மறுபடியும் பெட்ரோலுக்குத் திருப்ப வேண்டும். களைப்பில் அதை மறந்தால் மறுநாள் விடியலில் கயிறு இழுத்தே கை ஓய்ந்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக் குறைவாகக் குடிக்கும், உண்மை. ஆனால் கூடுதல் விலையை எத்தனை மாதத்தில் மீட்டுத் தரும் என்பது நாம் எவ்வளவு தூரம் போகிறோம் என்பதைப் பொறுத்தது. சிங்கி இறாலுக்குப் பக்கத்திலேயே வலை போட்டு வருகிறவருக்கும், சூரைக்கும் சீலாவுக்கும் நெடுந்தூரம் ஓடுகிறவருக்கும் ஒரே விடை இருக்காது. காற்றால் குளிரும் நீளத்தண்டு டீசல் எஞ்சினையும் விட்டுவிடாதீர்கள். எடை அதிகம், உதறலும் அதிகம். ஆனால் அதில் இந்த இம்பெல்லர் தொல்லை கிடையாது.

விற்பவர்களிடம் எழுத்தில் வாங்க வேண்டிய பதில் ஒன்று இருக்கிறது. இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த மோட்டார் கம்பெனிகளின் கையேடுகள் பொதுவாக 10 விழுக்காடு வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் கேனில் கிடக்கும் பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் கார்புரேட்டர் அடைக்கும், இன்ஜெக்டர் என்றால் இன்னும் செலவு. இந்தப் பெட்ரோலில் ஓட்டினால் வாரண்டி நிற்குமா, நிற்காதா? வாய்ப்பேச்சு வேண்டாம், முத்திரை வைத்துத் தரட்டும்.

குதிரைத்திறனை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. யமஹாவிலேயே 9.9 குதிரைத்திறனில் இரண்டு வகை உண்டு. விசிறி ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதுதான் கியர் விகிதம். ஒன்றில் அது 2.08, மற்றதில் 2.92. இரண்டாவதில் விசிறி மெதுவாகச் சுற்றும், ஆனால் பாரத்தை இழுக்கும். நனைந்த வலையும் மீனும் ஐஸ் பெட்டியும் ஏற்றி எதிர்நீவாட்டில், அதாவது எதிர்க்கும் நீரோட்டத்தில், வருகிறவர்களுக்கு எது வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெறும் படகில் பறந்து காட்டும் விசிறியைப் போட்டுக் கொண்டுவந்தால் கழற்றச் சொல்லுங்கள்.

பெயருக்காகச் சண்டை போடுகிறவர்களுக்கு ஒன்று. மெர்க்குரியின் சிறிய ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்கள் ஜப்பானில் டோஹாட்சுவோடு கூட்டாக நடத்தும் ஆலையில் செய்யப்படுகின்றன. மேலே ஒட்டிய பெயர்தான் வேறு. 1909-இல் தொடங்கிய எவின்ரூட் என்ற பெயர் உலகத்துக்கே வெளிமோட்டாரைப் பழக்கிய பெயர். 2020-இல் அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பெயரை நம்புவதைவிட, உதிரிப்பாகம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. ஓர் ஊரில் நாற்பது படகுக்கு எட்டு வகை மோட்டார் இருந்தால் எந்தக் கடைக்காரரும் எட்டு வகை இம்பெல்லரை வாங்கி அடுக்க மாட்டார். நாற்பதும் ஒரே வகை என்றால் சங்கமே ஒரு பெட்டியில் வாங்கி வைக்கலாம். விலையும் பேசலாம். மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் சோதித்த கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு இந்த மாடல் வேண்டும் என்று கேட்கலாம்.

சோதனைக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம் பொருந்தும், அன்று தொழில் இல்லை. ஞாயிறு ஒத்துவராமல் வேறு நாளில் உவரியில் வைத்தால் செவ்வாய் மட்டும் வேண்டாம், அந்தோணியார் கோவிலுக்கு வருகிறவர்களால் கரை நிறைந்துவிடும். வலைக்குப் பதில் எடை போட்ட மணல் மூட்டைகளை ஏற்றலாம். ஜிபிஎஸ் பார்த்து ஒரு தூரம் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். போகையில் நீவாடு தள்ளினால் வருகையில் எதிர்க்கும், இரண்டையும் சேர்த்தால்தான் கணக்கு சரியாக வரும். கேனில் அளந்து ஊற்றியதையும் மிச்சத்தையும் எல்லோர் முன்னிலையிலும் அளக்க வேண்டும். மாசி, பங்குனியில் கடல் அடங்கியிருக்கும்போது ஒரு தரமும், கச்சான் எழும் ஆனியில் ஒரு தரமும் பார்த்தால் போதும். இரண்டாவது சோதனைக்கு வர மறுக்கிற கம்பெனியின் பெயரையும் எழுதி வைப்போம்.

நோட்டும் அளவுக் கேனும் என் பொறுப்பு. எந்த ஊர்க் கரையில் வைத்துக்கொள்ளலாம் என்று கமிட்டிகள் கூடிப் பேசி, மாசி பிறப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உவரிக் கரையில் படகுக் கணக்கு எழுதும் ஒருத்தி