வேல்ஸில் வீடு வாங்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

கார்டிஃப், ஸ்வான்சீ பக்கம் வேலைக்கு வருகிறோம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கடன் போட்டு வீடு வாங்குகிறோம். கொஞ்சம் கிராமத்துப் பக்கம் என்றால் வாசலில் எண் இருக்காது, வாயில் நுழையாத வெல்ஷ் பெயர் ஒன்றுதான் இருக்கும். கவுன்சிலுக்கு ஒரு விண்ணப்பம் போட்டு 'முருகன் இல்லம்' என்று மாற்றிவிடலாம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள்.

வேல்ஸ்காரர்களுக்கும் நம்மைப் போல அப்பா பெயர்தான் அடையாளமாக இருந்தது. 'ஆப்' என்றால் மகன். 1536ல் எட்டாம் ஹென்றியின் சட்டம் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்து, நீதிமன்றத்தில் ஆங்கிலத்தை உட்கார வைத்தது. அப்புறம் மெல்ல மெல்ல அப்பா பெயரே குடும்பப் பெயராக உறைந்தது. ஆப் ரீஸ் 'பிரைஸ்' ஆனது, ஆப் ஹவெல் 'பவல்' ஆனது. சிலருக்குப் பட்டப்பெயரே நிலைத்தது: லாய்ட் என்றால் நரைத்தவர், கஃப் என்றால் செம்பட்டைத் தலையர். விசா படிவத்தின் 'சர்நேம்' கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டு விழிக்கும் நமக்கு இது புரியாததா என்ன!

ஜான், டேவிட், வில்லியம் என்று அந்த அப்பாக்களின் பெயர்களோ சொற்பம். விளைவு, ஊரெல்லாம் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ். எந்த ஜோன்ஸ்? பண்ணை வீட்டின் பெயரைச் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் பிடிபடும். அங்கே வீட்டுப் பெயர் அலங்காரம் இல்லை, குடும்பப் பெயர் செய்யத் தவறிய வேலையைச் செய்கிறது.

'ஹென்ட்ரெ' என்றால் குளிர்காலத்தில் தங்கும் கீழ்வீடு. 'ஹாவொட்' என்றால் கோடையில் ஆடுமாடுகளை மலைக்கு ஓட்டிப்போய்த் தங்கிய வீடு. அருகருகே இந்த இரண்டு பெயர்களையும் கண்டால், ஒரே குடும்பம் மேலும் கீழும் போய்வந்திருக்க வாய்ப்பு உண்டு.

வீட்டுப் பெயருக்கு அகராதியில் பொருள் தேடும்போது ஒரு சிக்கல் வரும். வெல்ஷில் சொல்லின் முதல் எழுத்தே மாறும். 'வெலின்' என்று தேடினால் கிடைக்காது, 'மெலின்' என்று தேடுங்கள், மாவரைக்கும் ஆலை. 'ஹாவ்' கோடை, 'போட்' இருப்பிடம். இரண்டும் சேரும்போது 'போட்' 'வொட்' என்று மாறி ஹாவொட் ஆனதும் இப்படித்தான்.

அபெரிஸ்ட்வித்தில் உள்ள தேசிய நூலகம், 1840களை ஒட்டி வரைந்த தசமபாக (தேவாலயத்துக்கான பத்தில் ஒரு பங்கு வரி) வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பல ஊர்களுக்கு வயல் பெயர் வரை கிடைக்கும். வரலாற்று இடப்பெயர்களுக்கு அரசுப் பட்டியலும் உண்டு. ஆனால் பட்டியலில் இருப்பதாலேயே பெயர் பிழைத்துவிடாது. பெயர்களைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று 2017ல் வந்த முன்மொழிவைச் சட்டமன்றம் ஏற்கவில்லை. ஆக, முடிவு வீட்டுக்காரர் கையில், அதாவது உங்கள் கையில்.

பாட்டி பெயரை வைத்தே ஆகவேண்டும் என்றால் பழைய பலகைக்குக் கீழே இன்னொன்று மாட்டுங்கள். புதுக் குடியிருப்பில் வெறும் எண் மட்டும் உள்ள வீடா? சரி, உங்கள் இஷ்டம்.

அன்புடன்,
வேல்ஸில் வசிக்கும் ஒரு தமிழர்