சரசுவுக்கு, மஞ்சள் சேலை விஷயமாக

மார்கழி 4
சென்னிமலை

அன்புள்ள சரசுவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணனுக்குச் சர்க்கரை குறைந்ததா? மஞ்சள் நன்றாக வந்திருக்கிறது, பொங்கல் கழிந்துதான் வெட்டுவார்கள். பெரிய மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. ஊர்ச் சேதி அவ்வளவுதான்.

அத்தையின் காரியம் முடிந்து வந்த பிறகு உனக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. நீ கூப்பிட்ட இரண்டு தடவையும் எடுக்கவில்லை. வேலை என்று ஒரு பொய் மெசேஜ் போட்டேன். பதிலுக்கு நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாய். அதைப் பார்த்ததுமே கோபம் என்று தெரிந்துவிட்டது. எட்டாம் வகுப்பிலிருந்தே உனக்குக் கோபம் வந்தால் பேச்சுச் சுருங்கிவிடும்.

சரி, நேராகச் சொல்லிவிடுகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பதினாறாம் நாள் பீரோவைத் திறந்து, "இது உனக்குத்தான், நல்ல நாள்ல கட்டிக்க" என்று அத்தையின் மஞ்சள் சுங்குடியை என் மடியில் வைத்தாயே, அரக்குக் கரை போட்டது, அதை வெட்டிவிட்டேன். நானேதான், போன வியாழக்கிழமை காலையில். கடிதத்தைத் தூக்கி எறிந்துவிடாதே அம்மிணி. முழுக்கவும் படி.

போன தைப்பொங்கல் நோம்பிக்கு முந்தின ராத்திரி டொரண்டோவிலிருந்து மகள் கூப்பிட்டாள். இங்கே அப்போதுதான் தாழ்வாரத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூக் கொத்தாகக் காப்புக் கட்டி முடித்து, காட்டு மூலைக்கு ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு இவர் கிளம்பிக்கொண்டிருந்தார். "அம்மா, இங்க கதவுல என்னத்தக் கட்டறது?" என்றாள். அவள் இருப்பது 14 ஆவது மாடி. ஜன்னலுக்கு வெளியே பனி. வேப்பிலைக்கு எங்கே போவாள், பூளைப்பூவுக்கு எங்கே போவாள்? இங்கிருந்து காயவைத்துக் கொடுத்துவிடலாம் என்றால், இலை தழை எதுவும் பெட்டியில் வைக்கக் கூடாது, ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. பேத்திக்கு வருகிற தையில் மூன்று வயது. காப்பு என்ற சொல்லே தெரியாமல் அந்தக் குழந்தை வளரப்போகிறது என்ற நினைப்பு நெஞ்சில் முள்ளாக இருந்தது.

அப்போது தோன்றியதுதான், துணியிலேயே ஒரு காப்பு செய்து அனுப்பினால் என்ன என்று. 2 அடிக்கு 2 அடி, கதவிலோ சுவரிலோ மாட்டுகிற மாதிரி. குவில்ட் என்கிறார்களே, மேல்துணி, நடுவில் மெத்தென்று ஒரு துணி, அடித்துணி, மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போடுவது. மேல்துணியில் வேப்பிலையும் பூளையும் ஆவாரம்பூவும் கொத்தாக, துணியில் வெட்டி ஒட்டுத் தைத்தது. அப்ளிக் வேலை. யூடியூபில் வெளிநாட்டுக்காரிகள் கிறிஸ்துமஸ் மரமும் நட்சத்திரமும் வெட்டித் தைப்பதைப் பார்த்துத்தான் படித்துக்கொண்டேன். ஆனால் தைப்பூசத் தேரில் தொங்குமே தொம்பை, சிவப்பிலும் வெள்ளையிலும் உருளை உருளையாக, அதன் பூ வேலையும் இதேதான். துணி மேல் துணியை வெட்டி வைத்துத் தைப்பது. சின்ன வயதில் நீயும் நானும் தேருக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறோம்.

அடித்தளத்துக்குச் சோமனூர்க் காடாத்துணி வாங்கினேன். தறியில் பாவுக்குப் போட்ட கஞ்சி அதில் அப்படியே இருக்கும், ஊசி இறங்காது. வெந்நீரில் இரண்டு தடவை அலசிய பிறகுதான் துணி துணியாக வந்தது. மீட்டருக்கு மூன்று விரல் சுருங்கியும் போனது. சுருங்குவது முன்னாலேயே சுருங்கட்டும், தைத்து முடித்த பிறகு சுருங்கினால் பூவெல்லாம் கோணிக்கொள்ளும். திருப்பூர்க் கொழுந்தனார் ஒரு மூட்டை பனியன் கட்டிங் வேஸ்ட் கொண்டுவந்து போட்டார், "எல்லாக் கலரும் இருக்கு, எடுத்துக்குங்க" என்று. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பனியன் துணி இழுபடும். வெட்டிய இலை கையிலேயே வேறு உருவமாகிவிடும். அதை மூட்டையாகவே திருப்பி அனுப்பினேன், அவருக்கு வருத்தம்.

புரட்டாசியில் ஆரம்பித்த முதல் துண்டு பாழாகிவிட்டது சரசு. காப்புக் கொத்துக்குக் கீழே ஒரு பொங்கல் பானை, பானைக்குச் சிவப்புப் பட்டை வைத்திருந்தேன். ஈரோட்டில் ஒரு கடையில் வாங்கிய சிவப்பு. சாயம் போகாது என்று இரண்டு தடவை கேட்டுத்தான் வாங்கினேன். பட்டையைத் தைத்த பிறகு சாக்பீஸ் கோட்டை அழிக்கலாமென்று ஈரத்துணியால் துடைத்தேன். அவ்வளவுதான், காடாவில் ரோஜா நிறத்தில் ஓடிவிட்டது. பதினைந்து நாள் ராத்திரி வேலை. உட்கார்ந்து அழுதேன். இப்போது எந்தச் சிவப்பு வாங்கினாலும் ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போட்டுப் பார்த்துவிடுகிறேன். வெள்ளையில் கறை ஏறினால் அந்தச் சிவப்பு வேண்டாம். இரண்டாவது துண்டில் பானையே வைக்கவில்லை. காப்பு மட்டும் போதும்.

இனி மஞ்சளுக்கு வருகிறேன். ஆவாரம்பூவுக்கு ஏற்ற மஞ்சள் எனக்குக் கடையில் கிடைக்கவே இல்லை. ஒன்று எலுமிச்சை, இல்லாவிட்டால் ஆரஞ்சு. எல்லாம் பளபளவென்று கண்ணைக் குத்துகிறது. ஆவாரம்பூ அப்படியா இருக்கும்? வெயிலில் நின்று கொஞ்சம் வாடின மஞ்சள் அது. எட்டுத் துண்டு வாங்கினேன், எட்டும் பரணில் கிடக்கிறது. ஒருநாள் சாயங்காலம் பீரோவில் வேறு எதையோ தேடும்போது அத்தையின் சேலை கையில் பட்டது. விரித்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். அந்த மஞ்சளேதான். வெயிலும் துவைப்பும் பட்டுப்பட்டு வந்த நிறம், எந்தக் கடைக்காரனாலும் அதைக் கொடுக்க முடியாது.

பூப்பறிக்கப் போகும்போது அத்தை அந்தச் சேலையைத்தானே கட்டிக்கொண்டு முன்னால் போவார்கள்? கூடையோடு நாமெல்லாம் பின்னால். கரட்டடி முழுக்க ஆவாரை பூத்துக் கிடக்கும். அந்தக் கரட்டடியில் இப்போது சைட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். போன வருஷம் காப்புக்கு ஆவாரம்பூவைச் சந்தையில் கட்டு வாங்கிக் கட்டினோம். நாம் காட்டில் மடி மடியாகப் பறித்த பூவைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும், இங்கே யாருக்கும் இது ஒரு விஷயமாகவே படவில்லை.

பத்து நாள் அந்தச் சேலையை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ வேண்டாம் என்று சொல்லமாட்டாய், ஆனால் ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பாய். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்துதான் போன் எடுக்கவில்லை. அது என் தப்பு. மன்னித்துக்கொள்.

வெட்டியது முந்தியில் இல்லை. இடுப்பில் செருகுகிற உள்தலைப்பில், ஒரு முழம். கட்டினால் வெளியே தெரியவே தெரியாத இடம். புதுத் துணி கத்திரிக்குக் கரகரவென்று சத்தம் கொடுக்கும். இது சத்தமே போடவில்லை. அவ்வளவு மெலிந்திருந்தது. வெள்ளைப் புள்ளி விழாத இடமாகப் பார்த்து இதழ் இதழாக வெட்டினேன். பூவுக்கு 5 இதழ், 9 பூ, மொத்தம் 45.

பழந்துணி என்பதால் விளிம்பு உடனே பிசிறு விட்டது. சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீராக்கித் தெளித்து இஸ்திரி போட்டதும் கொஞ்சம் விறைப்பு வந்தது. அப்புறம், கல்யாணப் பத்திரிகை அட்டையில் இதழ் அளவுக்கு ஒரு அச்சு வெட்டிக்கொண்டேன். துணியை அதைவிடக் கால் இஞ்ச் பெரிதாக வெட்டி, ஓரத்தில் நெருக்கமாக நூலோட்டி, அட்டையை நடுவில் வைத்து நூலை இழுத்தால் துணி அட்டையைச் சுற்றிக் குவிந்துகொள்ளும். அப்படியே இஸ்திரி போட்டு அட்டையை உருவிவிட வேண்டும். ஓரம் மடிந்த இதழ் கையில் நிற்கும். முதல் இதழ் அப்படி வந்தபோது உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் காடா மேல் வைத்து, மஞ்சள் நூலால், மடிப்பின் விளிம்பில் ஒரே ஒரு இழையை மட்டும் ஊசியால் பிடித்து உள்ளே இறக்கினால் தையல் வெளியே தெரியாது. நூல் பூவின் நிறத்தில் இருக்க வேண்டும், காடாவின் நிறத்தில் அல்ல. இந்த ஒன்று பிடிபட எனக்கு நாலு நாள் ஆனது.

வேப்பிலைதான் படுத்தியது. அதன் ஓரத்துப் பல்லைத் துணியில் மடிக்கவே முடியாது. கடைசியில் அரிவாள் மாதிரி வளைந்த உருவத்தை மட்டும் துணியில் வெட்டிவிட்டு, பல்லைப் பச்சை நூலால் ஓரத்தில் குத்திக் கொடுத்தேன். ஈர்க்குக்குத் துணியை மூலைவாட்டில் சாய்வாக வெட்டிய பட்டை. நேராக வெட்டினால் வளைக்கும்போது சுருங்கும், சாய்வாக வெட்டினது நன்றாக வளைந்து கொடுக்கிறது. பூளைப்பூவைத் துணியில் செய்ய நினைத்ததே தப்பு. அது பஞ்சு மாதிரி இருக்கிற பூ. வெள்ளை நூலை ஆறு இழையாக எடுத்து, ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதே இடத்தை ஒட்டினாற்போலக் குத்தி இறக்கினால் ஒரு முடிச்சு. ஒரு கதிருக்கு நாற்பது ஐம்பது முடிச்சு. தூரத்தில் நின்று பார்த்தால் நிஜப் பூளை. இவரே வந்து தொட்டுப் பார்த்தார். தொட்டுப் பார்க்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

இப்போது மேல்துணி முடிந்துவிட்டது. நடுவுக்கு இவருடைய பழைய வேட்டியை நாலு மடிப்பாக வைக்கிறேன். அடிக்கு நம்ம ஊர் பெட்ஷீட். மூன்றையும் விரித்து, சுருக்கம் விழாமல் நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் ஊக்குக் குத்தவேண்டும். அதற்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். மகளின் கொழுந்தன் ஜனவரி 4 ஆம் தேதி டொரண்டோ கிளம்புகிறான், அவன் பெட்டியில்தான் போகிறது. அடுத்த வாரம் ஞாயிறு, டிசம்பர் 28 ஆம் தேதி, காலையில் பஸ் ஏறி வந்துவிடு. காங்கேயத்தில் இறங்கினால் இவர் வண்டி எடுத்து வருவார். ஒல்லி டீச்சரிடம் என் கைக்குட்டையைக் காட்டித் தையலில் 92 மார்க் வாங்கினவள் நீ. அந்தக் கடன் இன்னும் நிலுவையில் இருக்கிறது, ஒருநாள் துணியைப் பிடித்துக் கழித்துவிடு.

இன்னொன்று. சேலையை முழுக்க விரித்தபோது, முந்திக்குச் சற்று முன்னால், முள்ளில் மாட்டிக் கிழிந்த மாதிரி ஒரு இடம் கண்ணில் பட்டது. அத்தை அதை இழை போட்டு அடைத்திருக்கிறார்கள். ஒட்டுப் போடவில்லை. அதே மஞ்சள் நூலை நெடுக்கேயும் குறுக்கேயும் நெய்த மாதிரி ஓட்டி, விரலால் தடவினால்தான் தெரிகிறது. எனக்கு அந்த வேலை தெரியாது. அவர்கள் உனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் வரும்போது எனக்குக் காட்டு. மீதிச் சேலையின் ஓரத்தை மடித்துத் தைத்து, அந்த இடம் மேலே வருகிற மாதிரி மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறேன். நீ எடுத்துப் போவதானாலும் சரி, இங்கேயே இருப்பதானாலும் சரி.

சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் மெசேஜ் போடு. கட்டைவிரல் வேண்டாம்.

உன்
பூங்கொடி