தொட்டியில் கடல் சாமந்தி

ரோஸ்ஹில், மொரீசியஸ்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். காவடிக்குக் கோர் தெ கார்ட் மலைக் கோயிலில் பார்ப்போம். அதற்குள், உப்புநீர் மீன்தொட்டியில் கடல் சாமந்தி (சீ அனிமொனி, பூப்போல் விரிந்து பாறையில் ஒட்டி வாழும் கடல் பிராணி) வளர்க்கலாமா என்று உன் பேரன் கேட்டதற்குப் பதில்.

தொட்டி வைத்து இரண்டு மாதம்தானே ஆகிறது? இப்போது கடல் சாமந்தி வாங்கினால் சாகும். மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்றாலும் ஆறு மாதம் பொறுக்கட்டும், ஒரு வருஷம் என்றால் இன்னும் நல்லது. அதற்கு ஓடு கிடையாது, செதில் கிடையாது. நீரில் உப்பு ஏறி இறங்கினால் உடம்பு நேரே அடிவாங்கும். உப்படர்த்தி (ஹைட்ரோமீட்டர் காட்டும் எண்) 1.025, வெப்பம் 25 முதல் 27 டிகிரி. பலர் தவறுவது ஒரே இடத்தில்: ஆவியாய்ப் போன நீருக்குப் பதிலாக உப்பு நீரையே ஊற்றுவார்கள். உப்பு ஆவியாகாதே! வடிகட்டிய நல்ல நீர்தான் ஊற்ற வேண்டும். மீனுக்குப் போடும் தாமிர மருந்து துளி பட்டாலும் சாமந்திக்கு விஷம்.

வெள்ளை வெளேரென்று இருப்பதை அபூர்வ வகை என்று விற்பார்கள், ஏமாற வேண்டாம். அதன் பழுப்பு நிறம் சதைக்குள் குடியிருக்கும் பாசியுடையது; பெரும்பங்கு சோறு அந்தப் பாசி வெளிச்சத்தில் சமைத்துக் கொடுப்பது. வெளுத்தது என்றால் பாசி போய்விட்டது, பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். நம் லகூனிலும் (பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத கடல்) கோடையில் நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இப்படித்தான் வெளுக்கும். கடையில் வாய் இறுக மூடியிருக்கிறதா, அடிப்பாதம் கிழியாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். வாய் பிளந்து தொங்கினால் திரும்பி வந்துவிட வேண்டியதுதான்.

இடம் பிடிக்காவிட்டால் இரவில் நகர்ந்து போகும். பம்பு வாயில் மாட்டினால் அரைபட்டு, விடிவதற்குள் தொட்டி நீர் முழுவதையும் நாறடித்து மீன்களையும் கொன்றுவிடும். பம்புக்கு முதலிலேயே ஸ்பாஞ்சு மாட்டட்டும். பாறையிலிருந்து பிய்க்கக் கூடாது. பாதம் கிழிந்தால் அழுகும். இறால் துண்டு சுண்டுவிரல் நகமளவு, வாரம் ஒருமுறை போதும். பெரிதாகக் கொடுத்தால் மறுநாள் கக்கிவிடும். தின்னும் வாய்தான் கழிவுக்கும் வாசல். பழுப்பு நூல்போல் வந்தாலோ, சற்று நேரம் சுருங்கிக் கிடந்தாலோ பயப்பட வேண்டாம். சதை கரைந்து நாறினால் மட்டும் உடனே வெளியே எடுத்துப் பாதி நீரை மாற்றணும்.

1828இல் ஸ்காட்லாந்தில் இயற்கை ஆய்வாளர் ஜான் டாலியல் எடுத்துவந்த சாமந்தி ஒன்று கண்ணாடிச் சாடியில் 1887 வரை வாழ்ந்ததே என்று பையன் வாதாடுவான். அது குளிர்கடல் வகை, பாசி இல்லாதது, வெளிச்சம் கேட்காது.

சாமந்திக்குள் ஒளிந்து வாழும் கோமாளி மீன்தான் ஆசையென்றால் சாமந்தி இல்லாமலே வளர்க்கலாம். கடலில் சாமந்தி இல்லாமல் அந்த மீன் பிழைக்காது; தொட்டியில் அதைத் தின்ன வருபவன் யார்? பண்ணையில் பொரித்த குஞ்சுகளாக, ஒன்று பெரிது ஒன்று சிறிதாக வாங்கட்டும். எல்லாம் ஆணாய்த் தொடங்கி, பெரியது பெண்ணாகும். ஏற்கெனவே பெண்ணான இரண்டைச் சேர்த்தால் சண்டையில் ஒன்று போகும். மூன்று வெள்ளைப் பட்டை போட்ட நம் தீவின் கரும்பழுப்புக் கோமாளியை மட்டும் பிடித்து வர வேண்டாம். உலகில் அது வாழும் இடம் நம் பக்கத்துக் கடல்தான்.

உப்பளக்கும் ஹைட்ரோமீட்டர் என்னிடம் இரண்டு இருக்கின்றன. காவடியன்று ஒன்றைக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
முருகேசன்