முண்டந்துறையில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

நான் காரைக்குடிப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 28 பேரும் ஆசிரியர்கள் மூன்று பேரும் திருநெல்வேலிப் பக்கத்துக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் இரண்டு நாள் இயற்கை முகாமுக்குப் போய் நல்லபடியாகத் திரும்பினோம். வந்து பத்து நாள் ஆகிறது. ஃபோனில் நன்றி சொல்லிவிட்டேன், ஆனால் மனசு ஆறவில்லை. அதனால் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊர் ஆச்சிக்கு. பேரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, பேசி வைத்திருந்த பேருந்துக்காரர்கள் வர முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். கொடுத்த முன்பணமும் கைக்கு வரவில்லை. பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நான் வராண்டாவிலேயே நின்றேன். செய்தி எப்படியோ ஆச்சி காதுக்குப் போயிருக்கிறது. மறுநாள் காலை கூப்பிட்டு, வளவில் உட்காரவைத்துக் காபி கொடுத்து, வேறு வண்டிக்கான பணத்தை எண்ணி வைத்தார்கள். "இந்தத் தூணெல்லாம் பர்மாத் தேக்கு, டீச்சர். எங்கேயோ ஒரு காட்டுல நின்ன மரந்தானே. நிக்கிற மரத்தையும் பிள்ளைக பார்த்துட்டு வரட்டும்" என்றார்கள். ஆச்சி, அந்தச் சொல்லை வண்டியில் போகும்போது பிள்ளைகளிடம் அப்படியே சொன்னேன்.

ஒரே நாள் அவகாசத்தில் வண்டி எடுத்துவந்த ஓட்டுநர் தம்பிக்கும் நன்றி. மலை வளைவுகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். ஒரு முறைகூட முகம் சுளிக்காமல் வண்டியை நிறுத்திக் கழுவிவிட்டீர்கள்.

பாபநாசம் சோதனைச் சாவடியில் இருந்த காவலர்களுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும் சேர்த்துச் சொல்கிறேன். எங்கள் பைகளில் அத்தனை பிளாஸ்டிக் இருந்தது. அவசரப்படாமல் ஒவ்வொரு பையையும் திறக்கச் சொல்லி, சிப்ஸ் பொட்டலங்களை எல்லாம் தூக்குவாளியில் கொட்டவைத்தீர்கள். உப்பும் எண்ணெயும் ஒட்டிய உறையை மிளா மான் அப்படியே தின்றுவிடும் என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு, அதுவரை முணுமுணுத்த பையன்களே அடுத்தவன் பையைச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

அப்புறம் வனக்காப்பாளர் அண்ணனுக்கு. 1962இல் புலிகளுக்கான சரணாலயமாக இருந்து, 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான காடு, சுமார் 895 சதுர கிலோமீட்டர் என்று நான் வகுப்பில் சொன்னபோது யாரும் கொட்டாவியைக்கூட மறைக்கவில்லை. நீங்கள் ஒரு பாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிரே கேமரா கட்டுவது ஏன் என்று கேட்டீர்கள். ஒரே புலிக்கு இடப்பக்க வரிகள் ஒரு கோலம், வலப்பக்க வரிகள் வேறு கோலம். இரண்டையும் ஒருசேரப் படம் பிடித்தால்தான் இன்ன புலி என்று உறுதியாகச் சொல்லலாம், இல்லாவிட்டால் ஒன்றையே இரண்டாக எண்ணிவிடுவோம் என்று மண்ணில் குச்சியால் வரைந்தீர்கள். எங்கள் பிள்ளைகள் புலியைப் பார்க்கவில்லை. காய்ந்த சேற்றில் ஒரு காலடித் தடத்தைப் பார்த்தார்கள். அதைச் சுற்றி 28 பேரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருட வேலையில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை.

வேட்டைத் தடுப்புக் காவலர் தம்பிகளே, அரிசி பருப்பை முதுகில் சுமந்துபோய்க் காட்டு முகாமில் நாள்கணக்கில் தங்குகிறீர்கள். கோடைக்கு முன்னால் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறீர்கள், காட்டை மூடிப் பரவும் உண்ணிச்செடியைப் பிடுங்குகிறீர்கள். உங்களில் பலர் அந்தக் காட்டிலேயே பிறந்த காணிக்காரப் பழங்குடியினர். புலியைக் காப்பாற்றுவது என்றால் தினமும் இவ்வளவு நடப்பது என்று எங்களுக்குத் தெரியவைத்தீர்கள்.

தேனடையை முழுக்க அறுக்காமல் புழு இருக்கும் பகுதியை விட்டுவிட்டு வருவோம் என்று சொன்ன காணிப் பெரியவருக்கு வணக்கம். காட்டைச் சட்டம் போட்டுக் காப்பதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். 2006இன் வன உரிமைச் சட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது இனி உங்கள் முகம்தான் எனக்கு நினைவு வரும்.

அடிவாரக் கிராமத்தின் வனக்குழு அக்காமார்களுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் விடியுமுன் மலை ஏறி, விறகு வெட்டி, தலைச்சுமையாக இறக்கி விற்றுத்தான் உலை வைத்தோம் என்று சொன்னீர்கள். 1990களில் உலக வங்கி உதவியோடு வந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராம வனக்குழுக்கள் அமைந்ததையும், குழுக் கடனில் கறவை மாடும் சிறு கடையும் வைத்ததையும், விறகுக்குப் போவது மெல்ல மெல்லக் குறைந்ததையும் கதை போலச் சொன்னீர்கள். பன்றி வந்து கிழங்கைத் தோண்டிப்போடும் கோபத்தையும் மறைக்கவில்லை. சரி, அந்தக் கோபத்தோடும் காட்டுக்குக் காவலாக நிற்கிறீர்களே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வேலி போட்டால் காடு பிழைத்துவிடும் என்று நினைத்திருந்தவள் நான்.

காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் எங்கள் பிள்ளைகள் மண் குதிரையைத் தேடினார்கள். எங்கள் பக்கம் புரவி எடுப்புத் திருவிழாவில் மண் குதிரை செய்து கொண்டுபோய் வைப்பதால், அய்யனாரிடம் குதிரை நிற்கும். மணிமுத்தாறு என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, "நம்ம ஆறா டீச்சர்?" என்றும் ஒருத்தி கேட்டாள். எங்கள் சீமையில் ஓடும் மணிமுத்தாறு வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல்தான்.

ஊர் வந்தபின் நம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். போன சனிக்கிழமை வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துப்போனேன். கண்மாய்க் கரையில் நின்று நத்தைக்குத்தி நாரைகளை எண்ணினோம். அது சரணாலயமானது 1977இல். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் எத்தனையோ வருஷமாக இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டி மக்களே, உங்கள் ஊர் வழியாக எத்தனை முறை பஸ்ஸில் போயிருக்கிறேன்! இறங்கி ஒரு நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்று வரப்பில் நின்று விளக்கிய ஐயாவுக்கும் நன்றி.

முண்டந்துறை முகாமுக்குக் கைமுறுக்கும் மணகோலமும் மாவுருண்டையும் அனுப்பியிருக்கிறோம். பிளாஸ்டிக் இல்லை, பிள்ளைகளின் அம்மாக்கள் முடைந்த ஓலைக் கொட்டானில் வைத்திருக்கிறோம். சாவடியில் தாராளமாகத் திறந்து பாருங்கள். கொட்டானைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அடுத்த வருஷம் வரும் பிள்ளைகளின் சிப்ஸைக் கொட்டிக்கொள்ள உதவும்.