மட்டக்களப்பு மருந்தகங்களுக்கு: பிள்ளையின் நிறையைக் கேட்காமல் பாணி மருந்து கொடுக்காதீர்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் மருந்தகம் நடத்துவோருக்கும், அங்கு நின்று மருந்து எடுத்துக் கொடுப்போருக்கும்,

மாரி தொடங்கினால் காய்ச்சலும் தொடங்கிவிடும். "ரெண்டு வயசுப் பிள்ளைக்குக் காய்ச்சல் பாணி தாங்க" என்று வருவார்கள். "ஒரு தேக்கரண்டி, மூன்று நேரம்" என்று சொல்லிப் போத்தலை நீட்டிவிடுகிறோம். இதை நிறுத்த வேண்டும்.

இரண்டு வயதில் ஒரு பிள்ளை 9 கிலோ இருக்கும், இன்னொன்று 14 கிலோ இருக்கும். காய்ச்சல் பாணியில் உள்ள பரசிற்றமோல் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. 10 கிலோ பிள்ளைக்கு 150 மி.கி. வேண்டும். 5 மி.லீ.இல் 120 மி.கி. உள்ள பாணியில் அது 6 மி.லீ. சொச்சம். அதே 6 மி.லீ.ஐ 5 மி.லீ.இல் 250 மி.கி. உள்ள பாணியில் ஊற்றினால் 300 மி.கி. போய்விடும். நான்கு வேளையில் கிலோவுக்கு 120 மி.கி., அதாவது நாள் வரம்பான 60 மி.கி.ஐப் போல் இரு மடங்கு. டெங்குக் காய்ச்சல் என்றால் ஈரல் ஏற்கனவே தாக்கப்பட்டிருக்கக்கூடும். அதன்மேல் இந்தச் சுமையையும் ஏற்றுகிறோம்.

பெரியவருக்கு ஒரு குளிசை, பிள்ளைக்குப் பாதி என்ற கணக்கு உடம்புக்குப் பொருந்தாது. பிறந்த குழந்தையின் இரைப்பையில் அமிலம் குறைவு; அதனால் பெனிசிலின் போன்ற மருந்து அழியாமல் கூடுதலாக உடலில் சேரும். மருந்தை மாற்றி வெளியேற்றும் ஈரல் நொதிகள் இன்னும் முதிர்ந்திருக்காது. குளோரம்பெனிகோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் உடல் சாம்பல் நிறமாகி இறந்ததற்கு இதுவே காரணம் என்பது 1959 அளவில் தெரியவந்தது. சிறுநீரகம் பெரியவர் அளவுக்கு வடிகட்ட ஏறக்குறைய ஒரு வருடம் எடுக்கும். ஆனால் ஒரு வயது தாண்டிய பிள்ளை சில மருந்துகளை, கிலோ கணக்கில் பார்த்தால், பெரியவரை விட வேகமாகக் கழித்துவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் பினிற்றோயின் அப்படிப்பட்டது. அந்த வயதில் அளவைக் குறைத்தால் மருந்து வேலை செய்யாது. ஒரே பிள்ளைக்கே ஒரு வருடத்துக்குள் கணக்கு மாறுகிறது.

தோலும் அப்படித்தான். நிறையோடு ஒப்பிட்டால் பிள்ளையின் தோல் பரப்பு மிக அதிகம். கற்பூரம் சேர்ந்த தைலத்தைச் சின்னக் குழந்தையின் மூக்கிலும் நெஞ்சிலும் பூசக் கொடுக்காதீர்கள். கற்பூரம் வலிப்பை உண்டாக்கும்.

ஆகவே முதலில் நிறையைக் கேளுங்கள். குழந்தை சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் அது இருக்கும்; பழைய நிறை என்றால் கடையிலேயே நிறுத்துப் பாருங்கள். போத்தலில் "கரண்டி" என்று எழுதாமல் மி.லீ. கணக்கில் எழுதி, ஊசியில்லாத 5 மி.லீ. சிறிஞ்ச் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். வீட்டுக் கரண்டி ஒன்று 3 மி.லீ. பிடிக்கும், இன்னொன்று 7 பிடிக்கும்.

அமொக்சிசிலின் தூளை நீங்களே கரைத்துக் கொடுப்பது நல்லது. முதலில் போத்தலைத் தட்டித் தூளை உதிர்க்க வேண்டும். கொதித்தாறிய நீரில் பாதியை விட்டுக் குலுக்கி, நுரை அடங்கியபின் கோடுவரை நிரப்ப வேண்டும். உலர்ந்த தூளின் மேல் நேரே கோடுவரை ஊற்றினால் அடியில் கட்டி நிற்கும்: முதல் நாட்களில் மருந்து தண்ணீராகப் போகும், கடைசி நாட்களில் கடும் அளவாகப் போகும். ஒவ்வொரு வேளையும் குலுக்கவும், லேபிளில் சொன்ன நாளோடு மீதியைக் கொட்டவும் சொல்லுங்கள்.

டெங்குக் காலத்தில் காய்ச்சலுக்கு இபுபுரோபன், டைக்குளோபினாக், மெபனமிக் அமிலம் எதையும் கொடுக்கக் கூடாது, இரத்தக்கசிவு ஆபத்து. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்தே விற்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடமும் ஒரு கோரிக்கை. உணவு மற்றும் மருந்துப் பரிசோதகர் கடைகளைப் பார்க்க வரும்போது, நிறுவைத் தராசும் சிறிஞ்சும் இருக்கின்றனவா என்பதையும் பார்க்கச் செய்யுங்கள். வாகரையிலும் படுவான்கரையிலும் இருந்து ஆஸ்பத்திரிக்கு வர நேரம் எடுக்கும்; அங்குள்ள சிறிய கடைகளில் இருந்தே இதைத் தொடங்கலாம்.